கோல் போட்டவன் மட்டும்தான் வீரனா?

மணியாச்சியில் ரெயில் ஏறினால், சற்று நேரத்தில் கோவில்பட்டி. அது ஆக்கி ஊர்!

அங்கே பயிற்சி பெற்ற கார்த்தி, மாரீஸ்வரன் இருவரும் 2022 ஆசிய கோப்பையில் இந்திய அணியில் இருந்தார்கள். பாகிஸ்தானுக்கு எதிராகக் கார்த்தி கோல் போட்டார். ஆனால் கடைசி நேரத்தில் பாகிஸ்தான் சமன் செய்தது. அடுத்து, ஜப்பானிடம் தோல்வி!

இனி இந்தோனேசியாவை 15 கோல் வித்தியாசத்தில் வெல்ல வேண்டும். நடக்கிற காரியமா? நடந்தது! 16-0. ஒருவர் போட்ட கோல்கள் அல்ல, பலர் போட்டவை. பந்தைத் தட்டிக் கொடுத்தவர்கள் எத்தனை பேர்! முடிவில் வெண்கலப் பதக்கமும் கிடைத்தது.

எந்த வீரனுக்கும் ஒரு நாள் ஆட்டம் கைகூடும். ஒரு நாள் கைவிடும். கோல் விழாத நாளில் வீட்டுப் பையனைத் திட்டாதீர்கள். மட்டையையே போட்டுவிடுவான். "எத்தனை கோல் போட்டாய்?" என்று கேட்க வேண்டாம். "யாருக்குப் பந்து கொடுத்தாய்?" என்று கேளுங்கள்!