மாவுக்கட்டும் ஒரு கூட்டல் பிழையும்

போன வாரம் கடற்கரைச் சாலையில் மாலை நடையை முடித்துவிட்டு, காந்தி சிலைக்குப் பக்கத்தில் வழக்கம்போல் நாங்கள் நாலைந்து பென்ஷன்காரர்கள் உட்கார்ந்திருந்தோம். நண்பர் ஒருவர் தன் கைப்பேசியில் வந்த ஒரு படத்தைக் காட்டினார். சங்கிலி பறிப்பில் பிடிபட்ட ஒரு பையன். இருபது வயது இருக்கலாம். வலது கையில் முழங்கை வரை மாவுக்கட்டு. "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டானாம்" என்றார் நண்பர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு அந்தச் சிரிப்பு உறுத்தியது. எந்தக் காவல் நிலையத்துக் கழிவறையும் இத்தனை பேரை வழுக்கிவிடாது என்பது நமக்குத் தெரியும். தெரிந்துதான் சிரிக்கிறோம். அந்தப் பையன்தான் பறித்தானா என்று நாங்கள் ஐந்து பேரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

2024 அக்டோபரில் பேரன் என்னை 'வேட்டையன்' படத்துக்கு அழைத்துப் போனான். என்கவுன்டர் செய்வதில் பேர்போன போலீஸ் அதிகாரியாக ரஜினி. அவர் சுடும்போதெல்லாம் தியேட்டரில் விசில் பறந்தது. சுடப்பட்ட ஓர் இளைஞன் நிரபராதி என்று பின்னால் தெரியவருகிறது. படம் சொல்ல வந்ததே அதுதான். அப்போது மட்டும் கொஞ்ச நேரம் அமைதி. வீட்டுக்குத் திரும்பும் வழியில் பேரன் பேசியது முழுக்க விசில் அடித்த இடங்களைப் பற்றித்தான்.

பழியை எல்லாம் சினிமாவின் மேல் போட எனக்கு மனமில்லை. 'விசாரணை', 'ஜெய் பீம்' போன்ற படங்களும் நம்மவர்கள் எடுத்தவைதானே. இன்னும் பின்னால் போனால், 1950இல் 'ஏழை படும் பாடு' வந்தது. விக்தோர் உய்கோவின் நாவலை, நம் ஊர் ஆசிரமத்தில் பல ஆண்டுகள் இருந்த சுத்தானந்த பாரதியார் தமிழாக்க, அதைப் படமாக்கினார்கள். திருடியவன் வேடத்தில் நாகையா. விடாமல் துரத்தும் இன்ஸ்பெக்டராக நடித்த சீதாராமனுக்கு அந்தப் பாத்திரத்தின் பெயரே ஒட்டிக்கொண்டு, கடைசி வரை அவர் 'ஜாவர்' சீதாராமன்தான். அந்தக் காலத்து ஜனங்கள் திருடனுக்காக அழுதார்கள்; இன்ஸ்பெக்டரைக் கண்டு பயந்தார்கள். இன்றைக்கு அதே இன்ஸ்பெக்டர் கதாநாயகன். துரத்தப்படுகிறவனுக்குப் பெயர்கூட வைப்பதில்லை.

அந்த நாவலின் பகுதிகளைப் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சிலேயே படித்தவன் நான். 1789ஆம் ஆண்டு மனித உரிமைப் பிரகடனத்தையும் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அதன் 9ஆவது பிரிவு இரண்டு விஷயம் சொல்கிறது. குற்றவாளி என்று தீர்ப்பாகும் வரை எவரும் நிரபராதியே. கைது செய்தே தீர வேண்டுமென்றாலும், ஆளைப் பிடித்து வைக்கத் தேவையானதற்கு மேல் காட்டும் கடுமையைச் சட்டம் தண்டிக்க வேண்டும். அதைப் பிரகடனம் செய்த நாடே திரைஃபுஸ் என்ற ராணுவ அதிகாரியை 1894இல் செய்யாத குற்றத்துக்குத் தண்டித்து, 1906இல்தான் நிரபராதி என்று ஒப்புக்கொண்டது என்பதும் உண்மை. எழுதி வைப்பது சுலபம்.

இதெல்லாம் படித்த நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இதுவரை என் மனைவியிடம் மட்டுமே சொன்ன விஷயம்.

1976. ஓர் அரசு அலுவலகத்தில் எல்.டி.சி.யாக இருந்தேன். ரொக்கப் புத்தகம் என் பொறுப்பு. மாதக் கடைசியில் இருப்பை எண்ணியபோது 180 ரூபாய் குறைந்தது. தினக்கூலி ஆளுக்கு அன்று அது கிட்டத்தட்ட ஒரு மாத வருமானம். "சாவி வைக்கிற இடம் யார் யாருக்குத் தெரியும்?" என்று மேலதிகாரி கேட்டார். அலுவலகத்தைக் கூட்டிப் பெருக்க வரும் தினக்கூலிக்காரர் பெயரைச் சொன்னேன். நான் சொன்னது பொய் இல்லை. அவருக்குத் தெரியும்தான். எனக்கும் தெரியும், இன்னும் இரண்டு குமாஸ்தாக்களுக்கும் தெரியும். ஆனால் நான் சொன்னது ஒரே ஒரு பெயர்.

அன்று மாலையே போலீஸ் அவரைக் கூட்டிக்கொண்டு போனது. எழுத்தில் புகார் எதுவும் இல்லை. "சும்மா விசாரிச்சிட்டு விட்டுடுவாங்க" என்றார்கள்.

மறுநாள் இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 180, 180 என்று மனசுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. திடீரென்று உறைத்தது: 180 ஒன்பதால் வகுபடும். கணக்குப் புத்தகம் எழுதிய நண்பர்களுக்கு இது தெரிந்திருக்கும். வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால், முதலில் இடம் மாறிய இலக்கத்தைத் தேட வேண்டும். விடிந்ததும் ஓடினேன். ஒரு பக்கத்தின் அடியில் 1,350 என்று கூட்டியிருந்ததை, அடுத்த பக்கத்தின் தலையில் 1,530 என்று எடுத்து எழுதியிருந்தேன். என் கையெழுத்துதான்.

மேலதிகாரியிடம் சொன்னேன். சிவப்பு மையில் அடித்துத் திருத்தி, பக்கத்தில் சுருக்கொப்பம் போடச் சொன்னார். அவரை அன்றே விட்டுவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து வேலைக்கு வந்தார். இடது கை துணியால் சுற்றியிருந்தது. என்ன ஆயிற்று என்று கேட்டேன். "கீழே விழுந்துட்டேன் ஐயா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, தலையைக் குனிந்துகொண்டு, "எடுத்தேன்னு ஒத்துக்கிட்டேன் ஐயா" என்றார்.

யோசித்துப் பாருங்கள். திருட்டே நடக்கவில்லை. ஆனால் திருடன் கிடைத்துவிட்டான். ஒப்புதல் வாக்குமூலமும் கிடைத்துவிட்டது.

இதனால்தான், போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்கக் கூடாது என்று 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 25ஆவது பிரிவு சொன்னது. எழுதியது வெள்ளைக்காரன், தன் போலீஸையே அவன் நம்பவில்லை. ஒப்புதல் வாங்குவதற்காக ஒருவரைக் காயப்படுத்தினால் ஏழு ஆண்டு வரை சிறை என்று தண்டனைச் சட்டம் 330ஆவது பிரிவு சொன்னது. 2024 ஜூலையில் புதிய சட்டங்கள் வந்தபோது எண்கள் மாறின. இந்த விதிகள் மாறவில்லை.

"வழக்கு பத்து வருஷம் இழுக்குது, சாட்சி பல்டி அடிக்கிறான், பெண்பிள்ளைகளைப் பெத்தவங்க என்ன செய்வாங்க?" என்று நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கோபம்தான். எனக்கும் பேத்திகள் இருக்கிறார்கள். ஆனால் 2019 டிசம்பரில் ஐதராபாத் அருகே, ஒரு பெண் மருத்துவர் கொலையில் பிடிபட்ட நான்கு பேர் சுட்டுக்கொல்லப்பட்டபோது, போலீஸ் மேல் மக்கள் பூத்தூவினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த விசாரணைக் கமிஷன், கொல்லும் நோக்கத்தோடுதான் சுட்டார்கள் என்றும், நால்வரில் மூன்று பேர் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் என்றும் 2022இல் சொன்னது. அவர்கள்தான் குற்றவாளிகளா என்பதை எந்த நீதிமன்றமும் இனி விசாரித்துத் தீர்மானிக்க முடியாது. நீதிமன்றம் தாமதிக்கிறது என்றால் நீதிபதிகளைக் கூட்டுங்கள் என்று கேட்போம். கையை உடைத்தால் வழக்கு சீக்கிரம் முடியும் என்பது எந்தக் கணக்கு? வங்கியில் கோடிக்கணக்கில் ஏமாற்றியவர் யாராவது கழிவறையில் வழுக்கி விழுந்து மாவுக்கட்டோடு நிற்பதைப் பார்த்திருக்கிறீர்களா? வழுக்கி விழுவது எப்போதும் செருப்புக்கூட இல்லாத கால்தான்.

அந்த மனிதரிடம் மன்னிப்புக் கேட்டாயா என்று நீங்கள் கேட்கலாம். கேட்கவில்லை. பல வருஷம் டீ வாங்கிக் கொடுத்தேன். அவருக்கு வேலை நிரந்தரமானபோது விண்ணப்பத்தை நானே எழுதிக் கொடுத்தேன். அந்த 180 ரூபாயைப் பற்றி இருவருமே வாய் திறக்கவில்லை. அவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. பிள்ளைகள் இங்கேதான் இருக்கிறார்கள் என்பதால் பெயரை எழுதவில்லை.

நாளை மாலையும் கடற்கரைக்குப் போவேன். நண்பர் மறுபடி அப்படி ஒரு படத்தைக் காட்டினால் சிரிக்கப் போவதில்லை. "கணக்கை ஒருமுறை ஒன்பதால் வகுத்துப் பார்த்தாங்களா?" என்று மட்டும் கேட்கப் போகிறேன். அவருக்குப் புரியாது. புரியும்படி சொல்ல எனக்கு இந்தக் கதை இருக்கிறது.