பால்சோறு போதாது

பத்தமடைப் பலசரக்குக் கடைகளிலும் இப்போது நாய்த்தீனிப் பாக்கெட் தொங்குகிறது. முன்பக்கத்துப் படத்தைப் பார்த்து வாங்காதீர்கள், திருப்பிப் பாருங்கள். உலர் எடையில் வளர்ந்த நாய்க்குக் குறைந்தது 18 சதவீதமும் குட்டிக்கு 22.5 சதவீதமும் புரதம் வேண்டும் என்பது அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் சங்கம் வைத்திருக்கும் அளவு. அதற்குக் குறைந்தால், எவ்வளவு மலிவென்றாலும் வேண்டாம்.

பாக்கெட் கட்டுப்படியாகாத வீடுகளில் பால்சோறு, ரசம்சோறு. நாய்க்கு விலா எலும்பு தெரியாமல் என்ன செய்யும்? நம் பக்கத்துக் கன்னியும் சிப்பிப்பாறையும் கம்பங்கூழ் குடித்து வளர்ந்தவை என்று பெருமை பேசுகிறோம். அவை காட்டில் முயல் விரட்டிப் பிடித்த வேட்டை நாய்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கோழிக்கடையில் இதயமும் இரைப்பையும் கொஞ்சம் ஈரலும் கேட்டு வாங்குங்கள். உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்து, குழைந்த சோற்றிலோ கம்பஞ்சோற்றிலோ பிசைந்து வையுங்கள். வெங்காயம் கூடவே கூடாது. நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அது அழிக்கும். வெந்த எலும்பும் ஆகாது, சிலாம்பாக உடைந்து குடலைக் குத்தும். இந்தச் சாப்பாட்டில் சுண்ணாம்புச்சத்து குறைவு. குட்டியோ சினை நாயோ இருந்தால், ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஒருமுறை காட்டி, எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.