கொள்ளுத்தாத்தா எந்தத் தோட்டத்தில் இறந்தார்?

பேராவில் படித்தவர்களில் கெல்லி கோட்டைக்குப் பள்ளிச் சுற்றுலா போகாதவர்கள் குறைவு. பத்து காஜாவுக்குப் பக்கத்தில் கட்டி முடிக்கப்படாமல் நிற்கும் அந்த மாளிகையின் கதை நமக்கு மனப்பாடம். வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துத் துரை. கட்டட வேலைக்குத் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர்கள். 1918 வாக்கில் உலகம் முழுக்கப் பரவிய ஸ்பானிஷ் காய்ச்சல் அவர்களையும் தாக்கியது. தொழிலாளர்கள் கேட்டுக்கொண்டதால் துரை மாரியம்மனுக்கு ஒரு கோயில் கட்டிக் கொடுத்தார். நன்றிக்காக அவருடைய உருவத்தையும் கோயிலில் சிலையாக வைத்தார்கள்.

அந்தத் துரை 1926இல் போர்ச்சுகலின் லிஸ்பன் நகரில் நிமோனியாவால் இறந்தார். எங்கே, எப்போது, எந்த நோயால் என்று எல்லாம் நமக்குத் தெரியும். காய்ச்சலில் இறந்த தொழிலாளர்களைப் பற்றி என்ன தெரியும்? "பலர் இறந்தார்கள்." அவ்வளவுதான். ஒரே ஒரு பெயரைக்கூட நமக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

பத்து காஜாவிலேயே இன்னோர் இடம் இருக்கிறது. 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் வட்டாரத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட மூன்று வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகளின் கல்லறைகள் அங்குள்ள கிறிஸ்தவ இடுகாட்டில் உள்ளன. அவசரகாலம் தொடங்கக் காரணமான சம்பவம் அது. பெயர், வயது எல்லாம் கல்லில் பொறித்து, இன்றும் அங்கே நினைவுநாள் நடத்துகிறார்கள். அதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. அதே தோட்டங்களில் அதே ஆண்டுகளில் இறந்த பால்மரத் தொழிலாளர்களின் கல்லறை எங்கே என்றுதான் கேட்கிறேன். செம்பனை நட்டபோது எத்தனை தோட்டச் சுடுகாடுகள் காணாமல் போயின என்பதற்குக் கணக்கு வைத்தவர் உண்டா?

இப்படிக் கேட்டால் பெரியவர்கள் சொல்லும் பதில் ஒன்றுதான்: "அந்தக் காலத்துல நம்ம ஆளுங்களுக்கு ஏதுப்பா பதிவெல்லாம்?" இந்தப் பதிலோடு நான் ஒத்துப்போகவில்லை. பெரும்பாலான இறப்புகளுக்குப் பதிவு உண்டு என்றே நினைக்கிறேன். வெள்ளைக்காரன் ஆட்சியிலேயே பிறப்பும் இறப்பும் பதியப்பட்டன. நகரத்துக்கு வெளியே போலீஸ் நிலையம்தான் பலருக்குப் பதிவு அலுவலகமாக இருந்தது. சுதந்திரம் கிடைத்த 1957ஆம் ஆண்டிலேயே பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமும் வந்தது. இன்று அந்தப் பொறுப்பு தேசியப் பதிவு இலாகாவிடம் இருக்கிறது. பதிவேட்டைத் திறக்க ஒரு சாவி வேண்டும். அந்தச் சாவி நம் வீட்டுப் பெரியவர்களின் நினைவில் இருக்கிறது. அவர்களோ ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

இதை வெறும் குடும்ப வரலாற்று ஆர்வம் என்று தள்ளிவிடாதீர்கள். இறந்தவரின் பெயரில் ஒரு துண்டு நிலம் இருந்தால், நில அலுவலகம் முதலில் கேட்பது இறப்புப் பத்திரத்தைத்தான். ஊழியர் சேமநிதிக் கணக்கில் பணம் தங்கியிருந்தாலும் அப்படியே. தோட்டத் துண்டாடல் காலத்தில், 1960இல், துன் வீ.தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் எத்தனையோ தாத்தா பாட்டிகள் மாதாமாதம் கட்டிப் பங்கு வாங்கினார்கள். அந்தப் பங்கை வாரிசு கேட்கப் போனாலும் அதே பத்திரம்தான். பிறப்பைத் தாமதமாகப் பதிய முயல்பவர்களுக்கும், குடியுரிமைக்காக அலைபவர்களுக்கும் பெற்றோர், பாட்டன் வழியிலுள்ள ஒவ்வொரு தாளும் ஒரு படிக்கட்டு. வெளிநாடுவாழ் இந்தியக் குடியுரிமை (OCI) அட்டைக்கு விண்ணப்பிப்பவரும் தன் முன்னோர் இந்தியாவிலிருந்து வந்தவர் என்பதைத் தாளில் காட்டியாக வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் இந்தத் தேவை சென்ற ஆண்டு வந்தது. பாட்டியின் அப்பா பெயரில் ஒரு வீட்டு மனை அப்படியே கிடந்தது. பெயர் மாற்ற அவருடைய இறப்புப் பத்திரம் வேண்டும். அவர் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், பாட்டிக்குத் திருமணமாகிச் சில வருடங்களில் இறந்தவர். தேதி யாருக்கும் தெரியாது. பாட்டி அப்போது வேறு தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போயிருந்தார். அம்மாவும் நானும் ஓர் அலுவலகத்தில் விண்ணப்பித்தோம். 'பதிவு இல்லை' என்று பதில் வந்தது. இன்னொரு முறை ஆண்டை மாற்றிக் கேட்டோம். அதே பதில். முகப்பில் இருந்தவர் எரிச்சலோடு, "சரியான விவரம் இல்லாமல் வராதீர்கள்" என்றார். அவர் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. சொன்ன விஷயம் உண்மை.

பிறகுதான் புந்தோங்கில் இருக்கும் சின்னப் பாட்டியிடம் போனோம். பாட்டியின் கடைசித் தங்கை. அப்பா இறந்தபோது வீட்டில் இருந்தவர். நாங்கள் விண்ணப்பத்தில் எழுதிய பெயரைச் சொன்னதும் அவருக்குச் சிரிப்பு. "அது வீட்டுல கூப்புடற பேரு. கிராணி செக்ரோல்ல எழுதுனது வெறும் முத்துன்னுதான். சம்பளமும் அந்தப் பேர்லதான்." அடுத்து, இறந்த ஆண்டு. "வருஷமெல்லாம் எனக்கு எங்க தெரியும்? ஒங்க பெரியம்மாவுக்கு அப்ப மொட்டை போடல. பாட்டி கைப்புள்ளையோடதான் சாவுக்கு வந்தா." பெரியம்மாவின் பிறப்புப் பத்திரம் கையில் இருக்கிறது. ஆகவே ஆண்டு, ஒன்றிரண்டுக்குள் அடங்கிவிட்டது. மூன்றாவதாகச் சின்னப் பாட்டி சொன்னதுதான் முக்கியம். தோட்டத்துக்குக் கடைத்தெரு செம்மோர் என்பதால் நாங்கள் கிந்தா மாவட்டம் என்று எழுதியிருந்தோம். அவரோ, போலீசுக்குச் சொல்லப் போனவர்கள் சுங்கை சிப்புட்டுக்குத்தான் சைக்கிளில் போனார்கள் என்றார். சுங்கை சிப்புட் கோல கங்சார் மாவட்டத்தைச் சேர்ந்தது.

மூன்றாம் முறை பதிவு கிடைத்தது. பெயர் முத்து. வயது ஏதோ உத்தேசமாக எழுதியது. இறப்புக்குக் காரணம்: காய்ச்சல். என்ன காய்ச்சல் என்று கேட்காதீர்கள். மருத்துவர் பார்க்காத இறப்புகளுக்கு அன்று அப்படித்தான் எழுதினார்கள். இன்றும் வீட்டில் இறக்கும் முதியவர்களின் பத்திரங்களில் 'சாக்கிட் துவா' என்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தாளைச் சின்னப் பாட்டியிடம் படித்துக் காட்டினேன். தேதியை மட்டும் இரண்டு முறை திருப்பிச் சொல்லச் சொன்னார். இத்தனை வருடங்களாக ஆடி அமாவாசையில் பொதுவாகப் படைத்துக்கொண்டிருந்தவருக்கு அப்பாவின் நாள் இப்போதுதான் கிடைத்தது. மனை விவகாரம் நில அலுவலகத்தில் இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

இதிலிருந்து நான் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். தேடுவதற்குப் பெயர், காலம், இடம் மூன்றும் வேண்டும். மூன்றிலும் தோட்டப்புற மக்களுக்கென்று தனிச் சிக்கல் உண்டு. பெயரைத் தமிழ் தெரியாதவர் காதால் கேட்டு ஆங்கில எழுத்தில் எழுதினார். முனியாண்டியை நான்கு விதமாக எழுதலாம். பெருமாளை அதைவிட அதிகமாக. உங்கள் தாத்தாவின் அடையாளக் கார்டில் ஒரு மாதிரியும் அப்பாவின் பிறப்புப் பத்திரத்தில் வேறு மாதிரியும் இருந்தால், இரண்டையும் எழுதிக் கொண்டு போங்கள். தகப்பனார் பெயரும் அப்படித்தான்.

காலத்தைப் பொறுத்தவரை நம்மவர்கள் தேதி சொல்ல மாட்டார்கள். "பெரிய வெள்ளம் வந்த வருஷம்" என்பார்கள். அது 1926 ஆக இருக்கலாம். பேராவில் 1967 வெள்ளத்தைச் சொல்பவர்களும் உண்டு. ஆகவே சொல்பவரின் வயதைப் பார்க்க வேண்டும். "ஜப்பான்காரன் போன பிறகு", "துங்கு சுதந்திரம் வாங்குறதுக்கு முந்தி" என்பதெல்லாம் நல்ல தடயங்கள். திதி கொடுக்கும் குடும்பமாக இருந்தால் இன்னும் நல்லது. தமிழ் மாதமும் திதியும் தெரிந்து, ஆண்டும் ஓரளவு தெரிந்தால், பழைய பஞ்சாங்கத்தை வைத்து ஆங்கிலத் தேதியைக் கணக்கிட்டுவிடலாம். கோயில் குருக்களிடம் கேட்டுப் பாருங்கள்.

இடம் மிகப் பெரிய சிக்கல். நம்மவர்கள் தோட்டங்களை 'மூணாங்கட்டை', 'ஏழாங்கட்டை' என்று மைல் கல்லை வைத்துச் சொன்னார்கள். பதிவேட்டில் இருப்பது கம்பெனி வைத்த ஆங்கிலப் பெயர். அந்தத் தோட்டமே இன்று வீடமைப்புப் பகுதியாகிப் பெயர் மாறியிருக்கும். தோட்டத்தின் இரண்டு பெயர்களோடு அந்தக் காலத்தில் அது எந்தப் போலீஸ் நிலையத்துக்கு உட்பட்டது என்பதையும் கேட்டு வையுங்கள்.

அரசுப் பதிவு உடனே கிடைக்காவிட்டாலும் தேட வேறு இடங்கள் இருக்கின்றன. கருமாதிப் பத்திரிகைகளை எந்த வீட்டிலாவது பழைய டிரங்குப் பெட்டியில் வைத்திருப்பார்கள். நாளிதழ்களின் கண்ணீர் அஞ்சலி விளம்பரங்கள் ஒரு புதையல். 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019இல் நின்றுபோனது. ஆனால் பழைய தமிழ் முரசு இதழ்களைச் சிங்கப்பூர் தேசிய நூலகம் இணையத்தில் ஏற்றியிருக்கிறது. கத்தோலிக்கக் குடும்பமென்றால் தேவாலயத்தின் அடக்கப் பதிவேட்டைக் கேளுங்கள். பாகான் செராயில் 1880களிலேயே தமிழ்க் கத்தோலிக்கக் குடியிருப்பு இருந்தது. இவையெல்லாம் சட்டப்படி இறப்புப் பத்திரம் ஆகிவிடாது. ஆனால் தேதியைக் கொடுக்கும். அந்தத் தேதியோடு இலாகாவுக்குப் போகலாம்.

எந்தச் சாவியும் திறக்காத பூட்டு ஒன்றும் இருக்கிறது. சயாம் மரண ரயில் பாதைக்கு 1942 முதல் பிடித்துச் செல்லப்பட்டவர்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்கான கல்லறைத் தோட்டத்தில் ஏறக்குறைய 7,000 பேரின் கல்லறைகள் வரிசையாக, பராமரிப்போடு இருக்கின்றன. மலாயாத் தோட்டங்களிலிருந்து போய் அங்கே மாண்ட ஆயிரக்கணக்கான தமிழர்களுக்கு அப்படிப் பெயர் பொறித்த கல் இல்லை. 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவின்படி, ஒருவரைப் பற்றி ஏழு ஆண்டுகள் எந்தத் தகவலும் இல்லையென்றால், அவர் உயிரோடிருக்கிறார் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். வழக்குக்கு அது உதவும். எந்த நிலையத்தில் எந்த நாளில் என்று கேட்கும் பேரனுக்கு உதவாது. அந்தக் குடும்பங்களுக்கு வாய்மொழி ஒன்றே பதிவு. ஆகவே அதை எழுதி வைப்பது இன்னும் அவசரம்.

வெளிநாட்டு நிலையையும் பாருங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1837 முதலான இறப்புப் பதிவுகளுக்குப் பொது அட்டவணை உண்டு. யாருடைய பத்திரத்தையும் யாரும் கட்டணம் கட்டி வாங்கலாம். அமெரிக்காவில் பல மாநிலங்களின் பழைய மாவட்ட இறப்புப் பதிவுகளை மாணவர்கள் கைப்பேசியிலேயே தேடுகிறார்கள். நம் நாட்டிலும் நூறு ஆண்டு கடந்த பதிவுகளையாவது தோட்டப் பெயர், மாவட்டம் வாரியாகத் தேடும்படி இணையத்தில் வைக்கலாமே. அடையாள மோசடிக்குப் பயந்து அண்மைக்காலப் பதிவுகளை மூடி வைப்பது நியாயம். 1918இல் காய்ச்சலில் போனவரின் பெயரை வைத்து யாரும் இன்று வங்கிக் கடன் வாங்கப் போவதில்லை.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. பல்கலைக்கழக இந்திய மாணவர் அமைப்புகள் விடுமுறையில் தோட்டத்துக்கு ஒரு குழுவாகப் போய், எஞ்சியுள்ள சுடுகாட்டுக் கற்களைப் படம் எடுத்து, பெயர்களைப் பட்டியலிடலாம். கலை இரவுக்கு ஆகும் செலவில் கால்வாசிகூட ஆகாது. இடைநிலைப்பள்ளி மாணவர்கள் வரலாற்றுப் பாடத்தின் பணிக்கு இதையே எடுக்கலாம். சுல்தான்களையும் ரெசிடென்ட்டுகளையும் எழுதிய கையால் சொந்தக் கொள்ளுத்தாத்தாவையும் ஒரு பக்கம் எழுதலாம்.

"செத்தவங்களை ஏன்டா கிளறுறே" என்று வீட்டில் சொல்வார்கள். என் பாட்டியும் சொன்னார். வாதாடாதீர்கள். பேரைக் கேட்காமல், முதலில் தோட்டத்தைப் பற்றிக் கேளுங்கள். லயத்தில் எத்தனையாவது கதவு, கங்காணி யார், கோயில் திருவிழா எந்த மாதம் என்று பேச்சு நீளும்போது, யார் எப்போது போனார் என்பது தானாக வந்துவிடும். கைப்பேசியில் பதிவு செய்யலாமா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். யார் சொன்னது, எந்தத் தேதியில் சொன்னது என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். எது சரி என்று பதிவேடு கிடைக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.