அடுப்படியும் ஆலயமே

பொழுது புலருமுன்பே நம் கம்பம் பள்ளத்தாக்கின் வீடுகளில் அடுப்பு எரியத் தொடங்கிவிடுகிறது. கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்டத்திற்கு மலையேறும் ஜீப்பைப் பிடிக்க வேண்டும். இல்லையேல் வயலுக்கோ திராட்சைத் தோட்டத்திற்கோ செல்ல வேண்டும். அதற்குள் சோறாக்கி, தூக்குவாளியில் எடுத்துவைத்து, பிள்ளைகளுக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்புபவள் தாய். "செபிக்க நேரமில்லையே, பிள்ளைக்கு ஞானக் காரியங்களைச் சொல்லித்தர முடியவில்லையே" என்று அவள் வருந்துவதை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அன்னையரே, அவ்வருத்தம் வேண்டாம் என்பதே நம் கருத்து.

கொரோனா நோயினால் 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டதை நாம் மறக்கவில்லை. 1 முதல் 8-ஆம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள் 2021 நவம்பர் 1-ஆம் நாள்தான் மீண்டும் வகுப்பறை புகுந்தனர். ஆலயக் கதவுகளும் சில மாதங்கள் அடைபட்டிருந்தன. அந்நாட்களில் ஆசிரியை யார்? மறைக்கல்வி போதித்தவர் யார்? கல்வித் தொலைக்காட்சிக்கு முன் பிள்ளையை அமர்த்தி, குழம்பைக் கிளறிக்கொண்டே வாய்ப்பாடு கேட்ட தாயன்றோ! மாலையில் செபமாலையைத் தொடங்கிவைத்தவளும் அவளே.

குடும்பத்தை இல்லத் திருச்சபை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் அழைத்தது. பெற்றோரே பிள்ளைகளின் முதன்மையான ஆசிரியர்கள் என்று 1965-இல் போதித்தது. அதை நம் அன்னையர் அடுப்படியிலேயே மெய்ப்பித்தனர் என்றால் மிகையாகாது.

ஆனால் பள்ளி திறந்ததும் நடந்ததென்ன? ஞானக் காரியங்களையெல்லாம் கன்னியரிடமும் உபதேசியாரிடமும் ஒப்படைத்துவிட்டு, பல வீடுகளில் நாம் செபமாலையை ஆணியில் மாட்டிவிட்டோம். இதற்குத் தாயை மட்டும் குறைகூறுவது நியாயமா? தோட்டவேலையும் வீட்டுவேலையும் அவள் ஒருத்தி தலையில் இருக்க, முழந்தாளிட அவளுக்கு ஏது நேரம்?

பிரான்சு நாட்டின் அலென்சோன் நகரில் வாழ்ந்த செலி மார்த்தேன் அம்மாளை நினைத்துப் பார்ப்போம். லேஸ் பின்னல் தொழில் நடத்திக்கொண்டே 9 குழந்தைகளைப் பெற்றவர். அவர்களுள் 4 பேரை இளம்வயதிலேயே பறிகொடுத்தவர். கடைக்குட்டியே நம் குழந்தை தெரேசம்மாள். கணவர் லூயி தம் கடிகாரக் கடையை விட்டுவிட்டு மனைவியின் தொழிலுக்குத் துணைநின்றார். 2015-இல் இருவரும் ஒருசேரப் புனிதர்களாக உயர்த்தப்பட்டனர்.

நம் மண்ணின் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எத்தனை சிறந்த கொடியானாலும் பந்தலின்றிப் படருமா? தாய் கொடியென்றால் குடும்பமே பந்தல்!

ஆகவே தந்தையரே, மாலையில் ஆலய மணி ஒலிக்கையில் கடைத்தெருவை விட்டு வீடு திரும்புங்கள். மாணவியரே, பாத்திரம் கழுவுவதில் பங்குகொள்ளுங்கள். அண்ணன் தம்பியரையும் அழையுங்கள். அது பெண்பிள்ளைக்கு மட்டும் உரிய வேலையன்று. அன்னையரே, நீண்ட செபம் இயலாவிடில் ஒரு பத்து மணி செபமாலை போதும். பள்ளிக்குப் புறப்படும் பிள்ளையின் நெற்றியில் நீங்கள் இடும் சிலுவை அடையாளமே சிறந்த மறைக்கல்வி.

அடுப்படியில் நின்று அவள் முணுமுணுக்கும் மங்கள வார்த்தை செபத்தையும் ஆண்டவர் கேட்கிறார். அவள் அமர்ந்து செபிக்க ஒரு கால்மணி நேரத்தை நாம் ஈட்டித் தருவோமா?