மாமா கேட்ட டானிக்

போன செவ்வாய்க்கிழமை காலை நிகழ்ச்சியை முடித்துவிட்டு ஒலிபரப்புக் கூடத்திலிருந்து வெளியே வந்தால், கைப்பேசியில் மாமாவின் மூன்று அழைப்புகள். திரும்ப அழைத்தேன். "ஏம்மா, ரேடியோவுல நீ சொல்றியே, எதிர்ப்புச் சக்தி டானிக், அதுல ரெண்டு போத்தல் வாங்கி வையேன்" என்றார்.

மாமாவுக்கு ஹெபடைட்டிஸ் பி இருக்கிறது. பதினொரு ஆண்டுகளுக்கு முன் கோயிலில் ரத்த தானம் கொடுக்கப் போய்த்தான் அது தெரிந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனைக்கு வரச் சொன்னார்கள். இரண்டு வருடம் போனார். லாரி ஓட்டுகிறவருக்கு ஒரு நாள் லீவு என்றால் ஒரு நாள் சம்பளம். உடம்பிலும் ஒன்றும் தெரியவில்லை. நிறுத்திவிட்டார். இப்போது கல்லீரல் என்சைம் அளவு ஏறியிருக்கிறது.

"வைரஸ் இத்தனை வருஷமா சும்மாதானே இருந்துச்சு, இப்ப ஏன் கடிக்குது?" என்று டாக்டரிடம் கேட்டிருக்கிறார். "கடிக்கிறது வைரஸ் இல்லை, உங்க உடம்போட காவல் செல்கள்தான்" என்று பதில் வந்ததாம். மாமாவுக்கு விளங்கவில்லை. எனக்கும்தான். நான் படித்தது ஊடகத் துறை. நான்கு இரவு உட்கார்ந்து வாசித்த பிறகே கொஞ்சம் பிடிபட்டது.

நம் ரத்தத்தில் 'இயற்கைக் கொல்லி' செல்கள் என்று ஒரு வகை உண்டு, சுருக்கமாக என்.கே. செல்கள். 1975 வாக்கில் ஸ்வீடனிலும் அமெரிக்காவிலும் கண்டறிந்தார்கள். முன்பயிற்சி எதுவும் இல்லாமலே, வைரஸ் புகுந்த செல்லையும் புற்றுச் செல்லையும் கொல்லக்கூடியவை. அடுக்குமாடி வாசலில் இருக்கும் ஜாகாவை நினைத்துக்கொள்ளுங்கள். இந்த ஜாகா திருடனின் முகத்தைத் தேடுவதில்லை, ஐ.சி. கேட்கிறார். நல்ல செல்கள் மேற்பரப்பில் ஓர் அடையாளப் புரதத்தைக் காட்டிக்கொண்டே இருக்கும். அது இல்லாத செல் மீது ஜாகாவுக்குச் சந்தேகம்.

ரத்தத்தின் லிம்போசைட்டுகளில் நூற்றுக்கு 5 முதல் 15 வரைதான் இவை. கல்லீரலிலோ மூன்றில் ஒரு பங்குக்கு மேல்கூட இருக்கும். குடலிலிருந்து வரும் ரத்தம் முதலில் அங்கேதானே போகிறது? ஆனால் தின்ற சோற்றோடெல்லாம் சண்டை போட முடியுமா? அதனால் கல்லீரல் இயல்பிலேயே பொறுமைசாலி. சண்டையை அடக்கும் ரசாயனச் செய்திகள் அங்கே எப்போதும் உண்டு. ஹெபடைட்டிஸ் பி நிலைத்துவிட்டால் அவை இன்னும் கூடுகின்றன.

அங்கேதான் ஜாகா மாறிப்போகிறார். அவரிடம் ஒரு விசிலும் ஒரு தடியும் உண்டு. விசில், இண்டர்பெரான் காமா என்ற புரதம். செல்லைக் கொல்லாமலே வைரஸை அடக்கும், மற்ற காவல் செல்களையும் உசுப்பும். நாள்பட்ட தொற்றில் இந்த விசில் மங்கிவிடுகிறது. தடி மட்டும் கையில் நிற்கிறது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் மாலா மைனியின் குழு 2007இல் ஒன்றைக் காட்டியது: நோய் சீறும் சமயத்தில் என்.கே. செல்கள் 'டிரெயில்' என்ற புரதத்தை ஏந்தி, கல்லீரல் செல்களையே சாகடிக்கின்றன. 2013இல் இன்னொன்று: வைரஸை எதிர்க்க வரும் டி செல்களையும் அதே ஆயுதம் வீழ்த்துகிறது. உதவிக்கு வந்த போலீஸையே ஜாகா அடித்தால் எப்படி?

ஹெபடைட்டிஸ் சி-யிலும் இந்தச் சாய்வு உண்டு. ஆனால் பெரும்பாலோருக்கு மூன்று மாத மாத்திரையில் அந்த வைரஸே போய்விடுகிறது, ஜாகாவும் பெருமளவு பழைய நிலைக்குத் திரும்புகிறார். பி அப்படியல்ல. அதன் மரபுப்பொருள் கல்லீரல் செல்லின் கருவுக்குள் தங்கிவிடும். மாத்திரை அதன் பெருக்கத்தை அடக்கும். அப்படி அடங்கியிருந்தாலே கல்லீரலுக்குப் பெரிய நிம்மதி.

ஆக, போத்தலில் வாங்கி நிரப்பும்படி மாமாவுக்கு எந்தச் சக்தியும் குறையவில்லை. ஜாகாக்கள் இருக்கிறார்கள், வேலை செய்யும் விதம்தான் கெட்டிருக்கிறது. போதாக்குறைக்கு, சில மூலிகை மருந்துகள் கல்லீரலையே கெடுக்கும். இதையெல்லாம் மாமாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அப்புறம் ஏம்மா நீ ரேடியோவுல அப்படிச் சொன்ன?"

"விளம்பரம் மாமா. எழுதிக் கொடுத்ததை வாசிச்சேன்."

அந்தத் தாள் மறுநாளும் என் மேசைக்கு வந்தது. வேறு யாரையாவது வாசிக்கச் சொன்னேன். பெரிய வீரம் ஒன்றுமில்லை. பத்து மணிச் செய்திக்கு முன் தோழி ஒருத்தி வாசித்தாள், என்னைவிட நன்றாகவே.

வாசித்ததில் இன்னொரு விஷயமும் கண்ணில் பட்டது. பெரியவர்களாகி இந்த வைரஸ் தொற்றினால், நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவாகவே அது நிலைக்கிறது. பிறக்கும்போது தாயிடமிருந்து வந்தால் நூற்றில் தொண்ணூறு பேருக்கு நிலைத்துவிடும். மாமாவுக்குப் பாட்டியிடமிருந்து வந்திருக்கலாம். மாமாவும் என் அம்மாவும் கூடப் பிறந்தவர்கள். மலேசியாவில் பிறந்த குழந்தைகளுக்கெல்லாம் இதற்குத் தடுப்பூசி போடும் திட்டம் 1989இல் தொடங்கியது. தங்கை 1991. நான் 1988.

சனிக்கிழமை அம்மாவை அழைத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். "எனக்கு என்னடி, நல்லாத்தானே இருக்கேன்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். இரண்டு பேரும் ரத்தம் கொடுத்தோம். முடிவு வியாழக்கிழமை. மாமாவுக்குத் திங்கட்கிழமை காலை எட்டரைக்கு டாக்டர். நான்தான் காரில் கூட்டிப் போகிறேன், அன்றைக்கு லீவு சொல்லியாயிற்று.