சீழ் வடியும் காதும் சர்க்காரின் கடமையும்

காதில் சீழ் வடிவது வசதி படைத்தோர் வீட்டில் அபூர்வம். கூரைக் குடிசையிலும் மில் லைன் வீட்டிலும் அது சகஜம். நெருக்கடியான குடியிருப்பு, புகை மண்டிய அடுப்படி, சத்தில்லாத சாப்பாடு, ஓயாத சளி: இவற்றில்தான் இந்நோய் வளர்கிறது. தாய்மார் காய்ச்சிய எண்ணெய் ஊற்றுகிறார்கள். கொண்டை ஊசியால் குடைகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல நாம் தயாரில்லை. ஒரு நாள் கூலியை இழந்து பெரியாஸ்பத்திரி வரிசையில் நின்றால்தான் காது டாக்டரைப் பார்க்கலாம் என்னும்போது வேறென்ன செய்வார்கள்?

ஆனால் முதல் சிகிச்சை எளியது. சுத்தமான பஞ்சைத் திரியாக முறுக்கிக் காதில் வைத்து, சீழை உறிஞ்சவிட்டு எடுக்க வேண்டும். திரி நனையாமல் வரும்வரை புதிது புதிதாக மாற்ற வேண்டும். பிறகுதான் மருந்து. சீழ் நிறைந்த காதில் விடும் சொட்டு மருந்து, நோயுள்ள இடத்துக்குப் போய்ச் சேராது. மருந்துப் புட்டியைச் சற்று நேரம் உள்ளங்கையில் பொத்தி வைக்க வேண்டும். குளிர்ந்த மருந்து தலைசுற்ற வைக்கும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, பெரியவர்களுக்குக் காது மடலை மேலும் பின்னுமாக, சிறு குழந்தைக்குக் கீழும் பின்னுமாக இழுத்துச் சொட்டு விட வேண்டும். ஐந்து நிமிடம் அப்படியே படுத்திருக்க வேண்டும்.

இதற்கு டாக்டர் பட்டம் வேண்டாம், பயிற்சி வேண்டும். பயிற்சியற்ற கை செய்யும் கேடு பெரிது. செவிப்பறையில் ஓட்டை உள்ள காதில் சிரிஞ்சால் தண்ணீர் பாய்ச்சக் கூடாது. ஜென்டாமைசின், நியோமைசின் கலந்த சொட்டு மருந்து அந்த ஓட்டை வழியே உட்காதுக்குள் இறங்கினால், கேட்கும் சக்தியையே அழித்துவிடக்கூடும். சிப்ரோஃப்ளாக்சசின் அந்த அபாயமில்லாத மருந்து. குழந்தை காதில் போட்டுக்கொண்ட பயறு, தண்ணீர் பட்டால் உப்பி அடைத்துக்கொள்ளும். காதுக்குப் பின்னால் வீக்கமோ, முகக் கோணலோ கண்டால் உடனே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். மருந்துக் கடைக்காரர் இதையெல்லாம் பார்த்தா மருந்து கொடுக்கிறார்? காதுக்குள் அடித்துப் பார்க்க ஒரு டார்ச் லைட்கூட அவரிடம் கிடையாது!

2007இல் மத்திய சர்க்கார் காது கேளாமைத் தடுப்புத் திட்டத்தை 25 மாவட்டங்களில் முன்னோடியாகத் தொடங்கியது. கீழ்மட்ட ஊழியர்வரை பயிற்சி என்பது அதன் அம்சம். உலக சுகாதார ஸ்தாபனம் 2023இல் பயிற்சிக் கையேடே வெளியிட்டது. காகிதத்துக்குக் குறைவில்லை.

மில் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. தறி இரைச்சலால் வரும் செவிட்டுக்குச் சொட்டு மருந்து கிடையாது. இரைச்சலைக் குறைப்பதும் காதடைப்பான் தருவதும் முதலாளியின் பொறுப்பு. டிஸ்பென்சரியில் காதைச் சுத்தம் செய்துவிட்டோம் என்று கணக்குக் காட்டி அவர் நழுவ விடக்கூடாது.

ஒவ்வொரு துணை சுகாதார நிலையச் செவிலியருக்கும், மில் டிஸ்பென்சரி உதவியாளருக்கும், காது டாக்டரின் மேற்பார்வையில் செய்முறைப் பயிற்சி கொடு. காது பார்க்கும் கருவியும் பஞ்சும் மருந்தும் கொடு என்று கோருகிறோம். 2021இல் துவங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தின் பெண் ஊழியர்கள் தலையில், ஊதிய உயர்வின்றி இந்த வேலையையும் கட்டுவதை ஏற்கமாட்டோம். விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைகள் வருகிற கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும்.