நல்லாத்தானே சார் ஓடுது?

எங்கள் ஆபீஸ் பிரிண்டருக்கு ஆள் தெரியும்.

நான் ஒரு பக்கம் கொடுத்தால் பேப்பரைப் பாதி விழுங்கிவிட்டு, சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு முறைக்கும். சர்வீஸ் பையன் தோளில் பையோடு வாசலில் தலையைக் காட்டினால் போதும், ஐம்பது பக்கம் அப்பளம் மாதிரி வந்து விழும். “நல்லாத்தானே சார் ஓடுது?” என்பான். அந்தத் ‘தானே’யில் இருக்கிற சந்தேகம் இருக்கிறதே, அது பிரிண்டர் மேல் இல்லை, என் மேல். கையெழுத்து வாங்கிக்கொண்டு லிஃப்ட் வரைகூடப் போயிருக்க மாட்டான். கரக்! மறுபடி சிவப்பு விளக்கு.

“அந்தப் பையன் போட்டோவை ஃபிரேம் போட்டு பிரிண்டர் மேல மாட்டிடுங்க சார், பயந்துக்கிட்டு ஓடும்” என்றார் பக்கத்து சீட்காரர். மேனேஜர் சம்மதிக்கவில்லை. ஃபிரேமுக்கு பட்ஜெட் இல்லையாம்.

உங்களுக்கும் இந்த அனுபவம் இருக்கும். பைக்கில் மூன்று நாளாக ‘டொக் டொக்’ சத்தம். மெக்கானிக் ஏறி ஒரு ரவுண்டு போய்வந்து, “ஒண்ணும் இல்லையே தலைவா” என்பார். அதுவும் வெண்ணெய் மாதிரி ஓடியிருக்கும். துரோகி.

பெரிய பெரிய விஞ்ஞானிகளும் இந்த மாதிரிப் பேசியிருக்கிறார்கள். வொல்ஃப்காங் பாலி என்று ஒருவர், 1945-ல் பௌதிகத்துக்கு நோபல் பரிசு வாங்கியவர். இவர் கேஸ் நேர் எதிர். இவர் சோதனைச்சாலைக்குள் கால் வைத்தாலே கருவிகள் உடையும் என்று கூட இருந்தவர்கள் கேலி செய்வார்கள். அதற்கு ‘பாலி விளைவு’ என்று பெயரே வைத்தார்கள். ஓட்டோ ஸ்டெர்ன் இவரைத் தன் லேபுக்குள்ளேயே விடமாட்டார் என்று ஒரு கதை. ஒருமுறை கொட்டிங்கனில் ஜேம்ஸ் ஃப்ராங்க்கின் லேபில் ஒரு கருவி காரணமில்லாமல் படுத்துவிட்டதாம். பாலி ஊரிலேயே இல்லை. அப்புறம் விசாரித்தால், கோபன்ஹேகன் போகிற வழியில் அவருடைய ரயில் அந்த நேரம் கொட்டிங்கன் ஸ்டேஷனில் நின்றுகொண்டிருந்ததாம்!

கம்ப்யூட்டர்காரர்களும் சளைத்தவர்கள் இல்லை. தேடும்போது மட்டும் ஒளிந்துகொள்ளும் பிழைக்கு ‘ஹைசன்பக்’ என்று பெயர். ஜிம் கிரே என்ற நிபுணர் 1985-ல் எழுதிய கட்டுரையிலேயே இந்த வார்த்தை வருகிறது. ஹைசன்பர்க், பாலியின் சிநேகிதர். அவர் பேசியது எலெக்ட்ரானைப் பற்றி. லூஸ் கனெக்‌ஷனுக்கெல்லாம் தன்னை இழுப்பார்கள் என்று நினைத்திருக்க மாட்டார்.

சிரித்தாயிற்று. இனி எங்கள் வீட்டு கிரைண்டர்.

“அரை மணி ஓடினா நின்னுடுதுடா” என்றாள் அம்மா. மெக்கானிக் வந்தார். வெறும் கல்லைச் சுற்றவிட்டு ஐந்து நிமிஷம் பார்த்தார். ஜம்மென்று ஓடியது. “நல்லாத்தானேம்மா ஓடுது?” வந்ததற்கு முந்நூறு ரூபாய். மறுநாள் மாவு பாதியில் நின்றது. நான் அம்மாவைத்தான் பார்த்தேன். “நீ ஸ்விட்சை ஒழுங்காப் போட்டியா?”

அடுத்த வாரம் வேறு ஒரு பெரியவர் வந்தார். கிரைண்டரைத் தொடவே இல்லை. “அரிசி ஊறப் போட்டிருக்கீங்களாம்மா?” என்றார். போட்டிருந்தது. “வழக்கமா எப்படி அரைப்பீங்களோ அப்படி அரைங்க” என்று ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, பேப்பர் படித்து, காபி குடித்தார். இருபத்தைந்தாவது நிமிஷம் கிரைண்டர் நின்றது. பெரியவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். “வந்துட்டான் பாருங்க!”

மோட்டாருக்குள் ஒரு ஜாயின்ட்டில் ஈயப்பற்று விட்டிருந்தது. மாவு பாரத்தில் மோட்டார் சூடாகும். சூட்டில் உலோகம் விரியும், தொடர்பு விட்டுப்போகும். ஆறினால் தானே ஒட்டிக்கொள்ளும். நாம் போன் பண்ணி ஆள் வந்து சேர்வதற்குள் அது ஆறிப்போயிருக்கும்.

“வெறும் கல்லுக்கு எந்த மோட்டாரும் நிக்காது தம்பி. அம்மா சொல்ற மாதிரியே ஓட்டிப் பார்த்தாத்தான் வியாதி தெரியும்” என்றார்.

மறுநாள் ஆபீஸில் பிரிண்டரைப் புதுக் கண்ணோடு பார்த்தேன். சர்வீஸ் பையன் வருகிற அன்று, விருந்தாளிக்குப் புதுத் தட்டு வைக்கிற மாதிரி, புது பண்டல் பேப்பர் பிரிக்கிறோம். மற்ற நாளில் ஓடுவது, ஏ.சி. ஓரம் பிரித்துப்போட்டு நமுத்துக் கிடக்கிற பேப்பர். ஈரம் குடித்த பேப்பர் சிக்காமல் என்ன செய்யும்? கட்டை இடம் மாற்றினேன். அன்றோடு முறைப்பு நின்றது.

ஆக, மெஷின்களுக்கு ஆள் தெரியாது. ஆள் வரும்போது நாம் மாறுகிறோம், சூழ்நிலை மாறுகிறது. அணைத்துப் போடுகிறோம், தூக்கி நகர்த்துகிறோம், அடுத்தவர் பார்க்கிறார் என்று பட்டனைப் பதவிசாக அழுத்துகிறோம். கோளாறு எங்கேயும் போகவில்லை. அது வரவேண்டிய நிலைமை வரவில்லை, அவ்வளவுதான்.

இதோடு முடித்திருப்பேன். ஆனால் அந்தப் பெரியவர் போன ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டு மாதம் முன்னால் அம்மா, “நெஞ்சு திடீர்னு படபடன்னு அடிச்சுக்குதுடா, அப்புறம் தானா நின்னுடுது” என்று சொல்லியிருந்தாள். கூட்டிக்கொண்டு போனேன். ஈ.சி.ஜி. எடுத்தார்கள். நார்மல். “நல்லாத்தான் இருக்காங்க” என்றார் டாக்டர். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “ராத்திரி சீரியலைக் குறைம்மா.” அதற்கப்புறம் அம்மா அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. எடுக்காததை, சரியாகிவிட்டது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

சாதாரணமாக எடுக்கிற ஈ.சி.ஜி. பதிவது சுமார் பத்து விநாடி. ஒரு நாளைக்கு 86,400 விநாடி. நாங்களும் வெறும் கல்லைத்தான் சுற்றவிட்டுப் பார்த்திருந்தோம்.

வேறு டாக்டரிடம் போனோம். அவரும் பெரியவர் மாதிரியே கேட்டார். “எப்ப வருது? என்ன பண்ணிட்டிருக்கும்போது வருது?” ஹோல்டர் என்ற கருவியை மாட்டிவிட்டார். நார்மன் ஹோல்டர் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்தது. நடமாடும் மனிதரின் இதயத்தைப் பதியும் முறை பற்றி அவர் கட்டுரை எழுதியது 1961-ல். அவருடைய ஆரம்பகாலக் கருவி சுமார் 38 கிலோ, முதுகில் மூட்டையாகச் சுமக்க வேண்டும். இப்போது சட்டைப் பைக்குள் அடங்குகிறது. இருபத்துநாலு மணி நேரமும் கூடவே இருக்கும், பெரியவர் ஸ்டூலில் உட்கார்ந்த மாதிரி. கூடவே ஒரு தாள். என்ன செய்தோம், எப்போது என்ன தோன்றியது என்று எழுத வேண்டும்.

அம்மா குண்டு குண்டாக எழுதியிருந்தாள்: ‘மணி 4.10. மாவு அரைத்தேன். படபடப்பு. கிரைண்டர் நிற்கவில்லை.’

கருவியிலும் அதே 4.10-க்குக் கோடுகள் தாறுமாறாகக் குதித்திருந்தன. முக்கால் நிமிஷம்.

“பயப்பட வேண்டாம், மாத்திரையில கட்டுப்படுத்திடலாம்” என்றார் டாக்டர். எனக்கு அப்பாடா என்றிருந்தது. அம்மா ரிப்போர்ட்டை வாங்கி, அந்தக் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மாத்திரையைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. என் பக்கம் திரும்பி ஒன்றுதான் கேட்டாள்.

“அப்ப நான் நெஜமாத்தானேடா சொல்லியிருக்கேன்?”